ஓர் அரங்கின் காற்று

2020ஆம் ஆண்டு மார்ச் 10, செவ்வாய்க்கிழமை மாலை. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் உள்ள மவுண்ட் வெர்னன் என்னும் சிறு நகரில், ஸ்காஜிட் பள்ளத்தாக்குச் சேர்ந்திசைக் குழுவினர் வாராந்தரப் பயிற்சிக்காகக் கூடினர். குழுவில் இருந்தவர்கள் 122 பேர். அன்று வந்தவர்கள் 61 பேர். அவர்களுள் பெரும்பாலோர் முதியவர். தெற்கே ஏறத்தாழ அறுபது மைல் தொலைவிலுள்ள சியாட்டில் நகரில் கொரோனா பரவிவருவதை அவர்கள் அறிந்தேயிருந்தனர். எனவே வாயிலில் கைகளைத் தூய்மைசெய்யும் திரவம் வழங்கப்பட்டது. வழக்கமான தழுவல்களும் கைகுலுக்கல்களும் தவிர்க்கப்பட்டன. அவர்களது வட்டாரத்தில் அதுவரை ஒருவருக்கும் நோய் கண்டறியப்படவில்லை. பள்ளிகளும் கடைகளும் திறந்தேயிருந்தன.

இரண்டரை மணிநேரம் அவர்கள் பாடினர். இருக்கைகள் நெருக்கமாக இடப்பட்டிருந்தன. இடைவேளையில் பழமும் தின்பண்டமும் பகிர்ந்துகொண்டனர். அவர்களுள் ஒருவருக்கு மட்டும் மூன்று நாள்களாகச் சளி போன்ற தொல்லை இருந்தது. அடுத்த சில நாள்களில், அங்கிருந்தவர்களுள் மேலும் 52 பேர் நோயுற்றனர். அவர்களுள் 32 பேருக்குப் பரிசோதனை வழியாகவும் 20 பேருக்கு அறிகுறிகளைக் கொண்டும் நோய் அறியப்பட்டது. மூவர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். இருவர் இறந்தனர்.

அன்று மாலை யாரும் சட்டத்தை மீறவில்லை. மீறுவதற்கு அங்கே சட்டமே இல்லை. உலகச் சுகாதார நிறுவனம் இந்நோயைப் பெருந்தொற்று என அறிவித்தது அதற்கு மறுநாள்தான். யாரும் யாரையும் வற்புறுத்தி அழைக்கவுமில்லை. வர விரும்பியோர் வந்தனர். தயங்கியோர் வீட்டிலேயே இருந்தனர். தனிமனித விருப்பம் முழுமையாக மதிக்கப்பட்ட கூட்டம் அது. ஆனால் தாம் எதைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பது அங்கிருந்த ஒருவருக்கும் தெரியாது. கைகளால் தொட்டால் மட்டுமே நோய் ஒட்டும் என எண்ணியவர்கள், மூச்சை ஆழ இழுத்து, உரக்கப் பாடி, மீண்டும் ஆழ இழுத்தனர். பாடுவது என்பதே மூச்சைக் கொடுத்து மூச்சை வாங்கும் செயல் அன்றோ! மூடிய அரங்கில் ஒருவர் விட்ட மூச்சே மற்றவர் இழுக்கும் மூச்சாகிறது.

பெருந்தொற்றுக் காலத்தில் இசையரங்குகளைத் திறப்பதா மூடுவதா, வருவோரைக் கட்டுப்படுத்துவதா அவரவர் விருப்பத்துக்கு விடுவதா என உலகெங்கும் எழுந்த வாதங்களை, இந்தக் காற்றை மறந்துவிட்டுப் பேச இயலாது.

உரிமையின் குரல்

விருப்பத்துக்கு விட்டுவிட வேண்டும் என்றவர்களின் வாதத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. நுழைவுச்சீட்டு வாங்குபவர் அறியாப் பிள்ளை அல்லர். மலையேறுவோரையும் கடலில் நீந்துவோரையும் அரசு தடுப்பதில்லை. இடரை அறிந்தே அதனை ஏற்கும் உரிமை மனிதருக்கு உண்டு. இசை கேட்பதை வெறும் பொழுதுபோக்கு என்று தள்ளுவதும் தகாது. பலருக்கு அதுவே பிழைப்பு. தனிமையில் உழலும் சிலருக்கோ அதுவே வாழ்வின் பிடிப்பு. அவ்வாறிருக்க, ஒருவர் எங்கே செல்லலாம், எதை அணிய வேண்டும், எந்த ஊசியைச் செலுத்திக்கொள்ள வேண்டும் என அரசு கூறுவதா?

ஆங்கிலச் சிந்தனையாளர் ஜான் ஸ்டூவர்ட் மில், 1859இல் வெளிவந்த சுதந்திரம் பற்றிய தம் நூலில் இவ்வினாவுக்கு ஒரு வரையறை தந்தார். ஒருவரை அவரது விருப்பத்துக்கு மாறாகத் தடுப்பதற்குப் பிறருக்கு நேரும் தீங்கைத் தவிர்ப்பது ஒன்றே தக்க காரணம். அவருடைய சொந்த நன்மை போதிய காரணமாகாது என்பதே அதன் சாரம். தனிமனித உரிமைக்குப் பேரரணாக எழுதப்பட்ட நூல் அது. அந்நூலின் அளவுகோலைக் கொண்டே அளந்தாலும் இசையரங்கின் வழக்கு உரிமைவாதிகள் பக்கம் சாய்வதில்லை. மலையிலிருந்து தவறி விழுபவரின் இடர் அவரோடு முடிகிறது. இசையரங்கிலிருந்து வெளியே வருபவரின் இடரோ அவருடன் பேருந்தில் ஏறுகிறது, வீட்டுக்குள் நுழைகிறது, நிகழ்ச்சி நடந்ததையே அறியாத ஒரு பாட்டியின் படுக்கையருகே சென்று நிற்கிறது. நோய்க்குறி தோன்றுவதற்கு முன்பே பரவக்கூடிய தொற்று இது என்பதால், 'நான் நலமாகத்தான் இருக்கிறேன்' என்று ஒருவர் நேர்மையாகக் கூறும் சொல்லும் இங்கே உறுதிமொழியாகாது.

அரங்கத்துக்குள்ளேயே விருப்ப உரிமை இல்லாத ஒரு கூட்டம் இருப்பதையும் இவ்வாதங்களில் பலரும் மறந்துவிடுகின்றனர். வாயிலில் சீட்டைக் கிழித்துக் கொடுப்பவர், ஒலிக்கருவிகளை இயக்குபவர், நிகழ்ச்சி முடிந்தபின் நள்ளிரவில் தரையைக் கூட்டுபவர் ஆகியோர் இசையைத் தேடி வந்தவர் அல்லர். கூலியைத் தேடி வந்தவர். ஆயிரம் பேர் தம் உரிமையை நிலைநாட்டும் இரவில் 'நான் வரமாட்டேன்' என்று சொல்லும் உரிமை அவர்களுக்கு உண்டா?

இரண்டு தீர்ப்புகள்

இந்தச் சிக்கல் கொரோனாவோடு பிறந்ததன்று. 1902இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்திலுள்ள கேம்பிரிட்ஜ் நகரில் பெரியம்மை பரவியது. ஊர்மக்கள் தடுப்பூசி இட்டுக்கொள்ள வேண்டும் என நகரச் சுகாதார வாரியம் ஆணையிட்டது. சுவீடனில் பிறந்த சமயபோதகரான ஹென்னிங் ஜேக்கப்சன் மறுத்தார். சிறுவயதில் தடுப்பூசியால் தாம் துன்புற்றதாக அவர் கூறினார். விதிக்கப்பட்ட தண்டம் ஐந்து டாலர்தான். ஆனால் அவர் அதனைச் செலுத்தாமல் உச்ச நீதிமன்றம்வரை சென்றார். 1905இல், எழுவர் ஒருபுறமும் இருவர் மறுபுறமுமாக நீதிபதிகள் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தனர். பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ஹார்லன். எவ்வகைக் கட்டுப்பாட்டுக்கும் உட்படாத முற்றுரிமை எவருக்கும் இல்லை. அப்படி இருப்பின் சமூகமே நிலைபெறாது என அவர் விளக்கினார். அதேவேளையில், அரசின் ஆணை தேவையை மீறியதாகவோ மனம்போன போக்கில் இடப்பட்டதாகவோ இருந்தால் நீதிமன்றம் குறுக்கிடும் என்றும் எழுதிவைத்தார்.

பெருந்தொற்றுக் கட்டுப்பாடுகளை ஆதரித்தவர்கள் இத்தீர்ப்பை அடிக்கடி எடுத்துக்காட்டினர். அதற்குப் பின்னர் நடந்த ஒன்றை அவர்களுள் சிலரே நினைவுகூர்ந்தனர். 1927இல் வர்ஜீனியா மாநிலம், அறிவுக்குறை உடையவள் என முத்திரை குத்தப்பட்ட ஓர் இளம்பெண்ணுக்குக் கட்டாயக் கருத்தடை அறுவை செய்ய முனைந்தது. அதே உச்ச நீதிமன்றம் அதனை ஏற்றது. தீர்ப்பை எழுதிய நீதிபதி ஹோம்ஸ், தமக்குச் சான்றாக எடுத்துக்கொண்டது ஜேக்கப்சன் வழக்கையே. தடுப்பூசியைக் கட்டாயமாக்கும் கொள்கை, கருக்குழாயை அறுப்பதையும் தாங்கும் அளவுக்கு அகலமானது என்று அவர் கருதினார். அத்தீர்ப்புக்குப் பின் அமெரிக்காவில் பல்லாயிரவர் கருத்தடைக்கு உள்ளாக்கப்பட்டனர்.

பொதுநலம் என்ற சொல் எவ்வளவு தூரம் இழுபடக்கூடியது என்பதற்கு இதைவிடக் கொடிய சான்று தேவையில்லை. அரசின் ஆணைகளை ஐயத்தோடு நோக்குபவரை அறிவிலி என்று எள்ளுவோர் 1927ஐ ஒருமுறை எண்ணிப் பார்ப்பது நல்லது. ஆயினும் அந்த ஐயம், எந்த ஆணையும் கூடாது என்ற முடிவுக்கு இட்டுச்செல்ல வேண்டியதில்லை. ஆணை எதற்காக, எவ்வளவு காலத்துக்கு, யார்யாருக்கு என்று துருவிக் கேட்பதற்கே அது பயன்பட வேண்டும். பெரியம்மை ஊரில் பரவிக்கொண்டிருந்தபோது இட்ட ஆணையும், ஒரு பெண்ணின் பிறப்புரிமையைப் பறித்த ஆணையும் ஒரே கொள்கையின் இரு பயன்பாடுகள் என ஹோம்ஸ் கருதியதுதான் பிழை. முன்னதில் ஊருக்கு நேரவிருந்த தீங்கு கண்ணெதிரே இருந்தது. பின்னதில் அப்படி ஒரு தீங்கே இல்லை.

கோயிலுக்கு ஒரு விதி, அரங்குக்கு ஒரு விதி

2020 மே மாதத்தில் ஆர்க்கன்சா மாநிலத்தின் ஃபோர்ட் ஸ்மித் நகரில் ஓர் இசைநிகழ்ச்சி அறிவிக்கப்பட்டது. பாடகர் டிராவிஸ் மெக்கிரெடி. நாள் மே 15. ஏறத்தாழ 1,100 பேர் அமரக்கூடிய அரங்கில் 229 இருக்கைகளுக்கு மட்டுமே சீட்டு. அறிமுகமானோர் சிறுசிறு குழுக்களாக விலகி அமர வேண்டும், முகக்கவசம் கட்டாயம். ஆனால் மாநில விதிப்படி அரங்குகள் திறக்க வேண்டிய நாள் மே 18. அன்றும் ஐம்பது பேருக்குக் குறைவாகவே அனுமதி. மாநிலச் சுகாதாரத்துறை நிகழ்ச்சியை நிறுத்தும்படி ஆணையிட்டது.

நிகழ்ச்சி அமைப்பாளர்கள் எழுப்பிய வினா கூர்மையானது. தேவாலயங்களுக்கு மே 4 முதலே வழிபாட்டுக்கு அனுமதி உண்டு. அங்கே ஐம்பது பேர் என்ற வரம்பு இல்லை. அங்கேயும் மக்கள் அருகருகே அமர்கின்றனர், அங்கேயும் பாடுகின்றனர். கிருமிக்குப் பக்திப்பாடல் எது, பரவசப்பாடல் எது என்று தெரியுமா? அவர்கள் நிகழ்ச்சியை மூன்று நாள் தள்ளி, மாநில அரசின் இசைவோடு மே 18 அன்று நடத்தி முடித்தனர்.

வழிபாட்டுரிமைக்கு அமெரிக்க அரசமைப்பில் தனிக்காப்பு இருப்பதால் அந்த வேறுபாட்டுக்கு ஒரு விளக்கம் உண்டு. ஆனால் காற்றைப் பற்றிய விதிக்கு அது விடையன்று. ஒரே அளவு இடர் தரும் இரு கூட்டங்களுக்கு இருவேறு விதி என்றால், விதி நோயைப் பார்த்து எழுதப்படவில்லை, ஆள்பார்த்து எழுதப்பட்டது என்ற ஐயம் எழும். அந்த ஐயம் ஒருமுறை எழுந்துவிட்டால், அடுத்து வரும் நியாயமான விதியையும் மக்கள் மதிக்கமாட்டார்கள். ஃபோர்ட் ஸ்மித் அமைப்பாளர்கள் சட்டத்தின்படி தவறியிருக்கலாம். கேட்ட கேள்வியில் தவறவில்லை.

அடுத்த ஆண்டு தடுப்பூசி வந்தபோது வழக்கு வடிவம் மாறியது. அரங்குக்குள் நுழையத் தடுப்பூசிச் சான்று கேட்கலாமா என்பதே கேள்வி. கிட்டார்க் கலைஞர் எரிக் கிளாப்டன், பார்வையாளரைப் பிரித்து ஒதுக்கும் மேடைகளில் தாம் வாசிக்கப்போவதில்லை என 2021 ஜூலையில் அறிவித்தார். அடுத்த மாதமே பாடகர் ஜேசன் இஸ்பெல், தடுப்பூசிச் சான்றோ தொற்றில்லை என்ற பரிசோதனைச் சான்றோ இல்லாதவருக்குத் தம் நிகழ்ச்சிகளில் இடமில்லை என்றார். உடன்படாத அரங்குகளின் நிகழ்ச்சிகளைக் கைவிடவும் அவர் தயங்கவில்லை. இருவரும் தத்தம் உரிமையைத்தான் பயன்படுத்தினர். எனினும் இஸ்பெல்லின் விதியில் ஒரு நயம் உண்டு. அது ஊசியை மறுப்பவருக்கும் பரிசோதனை என்ற மாற்றுவழியைத் திறந்துவைத்தது. ஒருவரது உடலைப் பற்றிய முடிவை அவரிடமே விட்டுவிட்டு, அரங்கின் காற்றைப் பற்றிய முடிவை மட்டும் அது தன் கையில் எடுத்துக்கொண்டது.

பார்சிலோனாவும் உட்ரெக்ட்டும்

விதி இருந்தால் மட்டும் போதுமா? ஐரோப்பாவில் ஒரே ஆண்டில் நடந்த இரு நிகழ்ச்சிகளை அருகருகே வைத்துப் பார்த்தால் விடை கிடைக்கும்.

2021 மார்ச் 27 அன்று ஸ்பெயினின் பார்சிலோனா நகரில் பலாவ் சான்ட் ஜோர்டி என்னும் உள்ளரங்கில் 'லவ் ஆஃப் லெஸ்பியன்' என்ற இசைக்குழு பாடியது. வந்தவர்கள் ஏறத்தாழ 5,000 பேர். இடைவெளி விட்டு அமர வேண்டும் என்ற விதியே இல்லை. தோளோடு தோள் நின்று ஆடலாம். ஆனால் அன்றைய நாளிலேயே ஒவ்வொருவரும் விரைவுப் பரிசோதனை செய்துகொண்டாக வேண்டும். அதற்காக நகரின் மூன்று இசைக்கூடங்கள் பரிசோதனைக் கூடங்களாக மாற்றப்பட்டன. உயர்தர முகக்கவசம் அனைவருக்கும் வழங்கப்பட்டது; பரிசோதனை, முகக்கவசம் இரண்டின் செலவும் சீட்டின் விலையிலேயே அடங்கும். பார்வையாளர் தனித்தனிப் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டனர். அரங்கின் காற்றோட்டம் மிகுக்கப்பட்டது. நிகழ்ச்சியோடு பணி முடிந்ததென மருத்துவர்கள் கலைந்துவிடவில்லை; வந்தவர்களின் இசைவோடு அடுத்த இரு வாரங்கள் அவர்களது உடல்நிலையைக் கவனித்தனர். தொற்றுக் கண்டவர்கள் அறுவர். அவர்களுள் நால்வருக்கு வேறிடத்தில் தொற்றியிருப்பது தெரியவந்தது.

மூன்று மாதம் கழித்து, ஜூலை 3, 4 நாள்களில் நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் ஓர் இசைவிழா நடந்தது. இது திறந்தவெளி. இரு நாளும் சேர்ந்து 20,000 பேர். இங்கேயும் விதி இருந்தது. தடுப்பூசிச் சான்றோ, தொற்றில்லை என்ற சான்றோ இல்லாமல் எவரும் உள்ளே செல்ல முடியாது. ஆனால் அச்சான்று 40 மணிநேரம் பழையதாகவும் இருக்கலாம். காலையில் சோதித்துக்கொண்டு, அன்றிரவு நண்பர்களோடு கூடி, மறுநாள் விழாவுக்குப் போனாலும் கையிலுள்ள சான்று செல்லும். தடுப்பூசியின் நிலை இதைவிட வியப்புக்குரியது. உடலில் எதிர்ப்பாற்றல் உருவாக வாரங்கள் ஆகும் என்பதை மருத்துவம் அறியும். ஆயினும் ஜான்சன் ஊசியைப் போட்டுக்கொண்ட அன்றே நுழைவுரிமை வழங்கப்பட்டது. இளைஞரை ஈர்ப்பதற்காக, 'ஆடல்' என்னும் டச்சுச் சொல்லும் ஊசியின் பெயரும் இயைபாக ஒலிக்கும் ஒரு முழக்கமும் அமைச்சரின் வாயிலிருந்து பிறந்தது. இயைபு நன்றாகத்தான் அமைந்தது. விழாவுக்குச் சென்றவர்களுள் ஏறத்தாழ ஆயிரம் பேருக்குத் தொற்று உறுதியானது. இரவு விடுதிகளைத் திறந்த இரு வாரங்களுக்குள் அரசு அவற்றை மீண்டும் மூடியது. ஜூலை 12 அன்று தலைமை அமைச்சர் மார்க் ருட்டே, கணிப்பில் பிழை நேர்ந்துவிட்டதென மக்களிடம் மன்னிப்புக் கேட்டார்.

உட்ரெக்ட்டில் ஆடிய இளைஞர்களைப் பொறுப்பற்றவர் எனப் பழிப்பது எளிது, ஆனால் நேர்மையன்று. அவர்கள் கேட்ட சான்றைக் காட்டினர். சொன்ன வாயில் வழியே நுழைந்தனர். மவுண்ட் வெர்னன் பாடகர்களைப் போலவே அவர்களும் தம் அறிவுக்கு எட்டியவாறு ஒழுங்காக நடந்துகொண்டவர்களே. ஆனால் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. மவுண்ட் வெர்னனில் உண்மை யாருக்கும் தெரியாது. உட்ரெக்ட்டில் அறிய வேண்டியவர்களுக்கு அது தெரிந்தேயிருந்தது. விழாவின் மகிழ்ச்சியைக் கெடுக்க வேண்டாம் என்று ஒதுக்கிவைக்கப்பட்டது. பாதுகாப்பு இல்லாத இடத்தில் பாதுகாப்பு உண்டு எனச் சான்று எழுதிக் கொடுப்பது தடையைவிடத் தீயது. தடை, ஒருவரின் விருப்பத்தை மறுக்கிறது. பொய்ச்சான்றோ, அவர் விரும்பித் தேர்ந்ததாக அவரையே நம்பவைத்து ஏமாற்றுகிறது.

பார்சிலோனாவைக் குறையற்றது என்றும் சொல்லிவிட முடியாது. இதயநோயும் புற்றுநோயும் உடையோர் அந்நிகழ்ச்சிக்குப் பதிவுசெய்ய வேண்டாம் எனக் கேட்டுக்கொள்ளப்பட்டனர். ஆய்வுக்காக நடந்த நிகழ்ச்சி என்பதால் அதனை ஏற்கலாம். ஆனால் அதுவே வழக்கமானால், நலமுடையோரின் கொண்டாட்டத்துக்கு நோயுற்றோர் வீட்டுக்குள் இருந்து விலைகொடுக்க நேரும். உரிமையைப் பற்றிப் பேசியவர்களும் பாதுகாப்பைப் பற்றிப் பேசியவர்களும் அவர்களைப் பற்றிப் போதுமான அளவு பேசவில்லை.

யார் செலவில்?

அரங்குகளை மூடச் சொல்வோர் தம்மிடமே கேட்டுக்கொள்ள வேண்டிய ஒரு கேள்வியும் உண்டு. ஓர் அரங்கு மூடினால், பாடகருக்குப் பின்னே மேடை அமைப்போர், விளக்கு ஏற்றுவோர், கருவிகளை வண்டியில் கொண்டுவருவோர் என எத்தனையோ குடும்பங்களின் அடுப்பு அணைகிறது. ஊர் முழுவதன் நலத்துக்காக ஒரு தொழிலை நிறுத்தினால், அந்நட்டத்தை அத்தொழிலினர் மட்டுமே சுமப்பது நீதியாகாது. பிரிட்டன் 2020 ஜூலையில் கலைத்துறைக்கு 157 கோடி பவுண்டு ஒதுக்கியது. அமெரிக்க நாடாளுமன்றம் அவ்வாண்டு டிசம்பரில் மூடிய அரங்குகளுக்கென 1,500 கோடி டாலர் ஒதுக்கியது. இவை பெருந்தொகைகளே. ஆயினும் நிறுவனங்களை எட்டிய உதவி, நாட்கூலிக்கும் தனி ஒப்பந்தத்துக்கும் உழைப்போர் பலரை எட்டவில்லை. பசித்தவரிடம் பொதுநலம் பேசுவோர், முதலில் அவரது இலையில் சோறு இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும்.

மவுண்ட் வெர்னன் குழுவினர் என்ன ஆனார்கள்? மார்ச் 15 அன்று, உறுப்பினர் சிலருக்குக் காய்ச்சல் கண்டிருப்பதைக் குழுவின் இயக்குநர் அனைவருக்கும் மின்னஞ்சலில் தெரிவித்தார். இரண்டு நாளில் குழு உறுப்பினர் ஒருவர் வட்டாரச் சுகாதாரத்துறைக்குச் செய்தி கொண்டுசென்றார். அதிகாரிகள் அன்று வந்திருந்த அனைவரையும் விசாரித்தனர். நோயின் களைப்பிலும், இரு தோழரை இழந்த துயரிலும் இருந்த அம்முதியவர்கள், எங்கே அமர்ந்தோம், எப்போது இருக்கை மாறினோம், எவரோடு எத்தனை நேரம் இருந்தோம் என்பதை நினைவுகூர்ந்து சொன்னார்கள். அவற்றை மறைக்கும் உரிமை அவர்களுக்கு இருந்தது, யாரும் மறைக்கவில்லை. பேச்சும் பாட்டும் மூடிய அறையில் இந்நோயைக் காற்றுவழியே பரப்பக்கூடும் என்பதற்கு உலகம் முழுவதும் அறிவியலாளர் எடுத்துக்காட்டிய தொடக்கச் சான்றுகளுள் ஒன்றாக அவர்களது விடைகள் அமைந்தன. ஓராண்டு கழித்துப் பார்சிலோனா அரங்கின் காற்றோட்டத்தைப் பொறியாளர்கள் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது, காற்றைத்தான் முதலில் கவனிக்க வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.